ஏலகிரி குளிரும் கரிச்சட்டியும்

எங்க ஊர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. குளிர் என்றால், மார்கழியில் மப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போவதோடு சரி. அதனால் காட்பாடியிலிருந்து குடும்பத்தோடு ஏலகிரிக்குக் கிளம்பினால் நான் கொஞ்சம் அதிகாரம் பண்ணுவேன். 'மாமா கூடப் போனா ஸ்கூல் டூர் மாதிரி' என்று அக்கா பசங்க முணுமுணுப்பதும் காதில் விழத்தான் செய்கிறது.

போன டிசம்பரில், தங்கின வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ராத்திரி ஒரு இரும்புச் சட்டி நிறையக் கரி நெருப்பைக் கொண்டுவந்து அறைக்குள்ளேயே வைத்தார். பெரியவன் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினான்.

"எடுத்து வெளிய வைடா."

"இன்னா மாமா, புகையே வரலையே!"

புகை வராததுதான் வினையே. வந்தால் கண் எரியும், இருமுவோம், எழுந்து ஓடுவோம். கனிந்த கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. பிரயாண அலுப்பு என்று படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போய்விடலாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்பார்கள். போதாது. யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சட்டி வாசலுக்குப் போனது. அதில் வேர்க்கடலை சுட்டுத் தின்றோம். படுக்கும் முன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு ஆளுக்கு இரண்டு கம்பளி. அக்கா மட்டும் விடியும்வரை என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

புங்கனூர் ஏரியில் படகு ஏறினால் லைஃப் ஜாக்கெட், போட்டோவுக்காகக் கழற்றக் கூடாது. அவ்வளவுதான். ஏலகிரியிலேயே இருக்கும் சுவாமிமலை ஏறுகிறவர்கள் மங்கலம் கிராமத்திலிருந்து காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பாறையில் பனி ஈரம் காயும்வரை நிதானமாகக் கால் வைக்க வேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்னாலேயே பொழுது சாய்ந்துவிடும். மரத்தடியில் அதற்கும் முன்பே இருட்டு. செல்போன் டார்ச்சை நம்பிப் போகாதீர்கள்.

பொன்னேரிக்கு இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது டிரைவர்கள் சொல்லும் பழைய கணக்கு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில்தான் விழும். சூடேறி வாடை வர ஆரம்பித்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். விடியற்காலைப் பனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், லோ பீம்தான். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவது மலை மரியாதை. பின்னால் விடாமல் ஹாரன் அடிக்கிறவர்களுக்கும் நான் ஒதுங்கி வழி விட்டுவிடுவேன். பாரி, ஓரி, கபிலர் பெயரெல்லாம் எழுதியிருக்கும் வளைவில் அவர்களுக்கு என்ன அவசரமோ.