கன்றுக்குப் போக எஞ்சியது

பிப்ரவரி 6

எங்கள் பசு செவலைக்குச் சினை ஊசி போட்டது சென்ற ஆண்டு மே 2ஆம் தேதி. இன்றோடு 280 நாள்கள் நிறைகின்றன. சினைக்காலம் இதை ஒட்டியே முடியும் என்றாலும் ஒரு வாரம் முன்பின்னாகலாம் என்பதால், நாளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட உடலைப் பார்ப்பதே மேல். வாலின் வேருக்கு இருபுறமும் விறைப்பாக இருந்த தசைநார்கள், இன்று விரல் வைத்தால் அமிழும் அளவுக்குத் தளர்ந்துவிட்டன. மடி இறுகிப் பளபளக்கிறது. காம்பு நுனிகளில் மெழுகு போன்ற பசை கட்டியிருக்கிறது.

டிசம்பர் 8ஆம் தேதியே கறவையை நிறுத்தி, மடிக்கு இரண்டு மாத ஓய்வு கொடுத்திருக்கிறேன். பால் சுரக்கும் திசுக்கள் தம்மைப் புதுப்பித்துக்கொள்வது அந்த ஓய்வில்தான். சீம்பால் சேர்வதும் அதன் கடைசி வாரங்களில்தான். ஈனும் நாள்வரை விடாமல் கறப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் அப்போது கறப்பது பிறக்கப்போகும் கன்றின் பங்கை.

பிப்ரவரி 9

நள்ளிரவு கடந்து 1 மணிக்குப் பனிக்குடம் தெரிந்தது. முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின்மேல் படிந்தபடி மூக்கும் வந்ததைப் பார்த்தபின், எதையும் பிடித்து இழுக்காமல் விலகி நின்றேன். 1.50க்குக் கிடேரிக்கன்று மண்ணைத் தொட்டது. செவலை உடனே எழுந்து திரும்பி அதை நக்கத் தொடங்கினாள். அப்போது குறுக்கே போய்த் துணியால் துடைக்கும் அவசரம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை. அவள் நாக்கு கன்றின் ஈரத்தை மட்டும் உலர்த்துவதில்லை, மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் தூண்டிவிடுகிறது. தன் கன்றின் வாடையைத் தாய் மனத்தில் பதித்துக்கொள்வதும் அந்த நேரத்தில்தான். நான் செய்தது தொப்புள்கொடியை அயோடின் கரைசலில் முக்கியெடுத்தது மட்டும்.

முக்கால் மணி நேரத்தில் கன்று எழுந்து நின்றுவிட்டது. ஆனால் காம்பு கிடைக்கவில்லை. செவலைக்கு இது மூன்றாம் ஈற்று, மடி தாழ்ந்து தொங்குகிறது. கன்றோ தாயின் தொடையிடுக்கில் உயரமான இடத்தையே முட்டி முட்டித் தேடியது. மேலும் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மண்டியிட்டு அதன் வாயில் என் விரலைக் கொடுத்துச் சப்ப வைத்து, விரலோடு தலையைத் தாழ்த்திக் காம்பருகே கொண்டுபோய், விரலை உருவிக் காம்பை மாற்றினேன். நான்காவது முயற்சியில் பிடித்துக்கொண்டது.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பசுவின் நோய் எதிர்ப்பாற்றல் கருப்பைக்குள் கன்றைச் சென்றடைவதில்லை. அது முழுவதும் சீம்பால் வழியாகவே வந்தாக வேண்டும். அதைக் கன்றின் குடல் அப்படியே இரத்தத்துக்குள் ஏற்கும் திறன் பிறந்த நிமிடத்திலிருந்தே குறைந்துகொண்டு வந்து, ஒரு நாளுக்குள் முடிந்துவிடுகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சீம்பால் முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும், அதில் பாதியாவது முதல் 6 மணி நேரத்தில் என்பது நான் பின்பற்றும் கணக்கு. கன்று 26 கிலோ இருக்கிறது. தாயிடம் ஊட்டும் கன்று எவ்வளவு குடித்தது என்று அளக்க முடியாது. காம்பு சுருங்கி ஈரமாக இருக்கிறதா, விலா நிறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க முடியும். விடிவதற்குள் மூன்று காம்புகள் சுருங்கியிருந்தன. நஞ்சுக்கொடி காலை 8 மணிக்கு முழுதாக விழுந்தது.

பிப்ரவரி 10, இரவு

எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது. மாலை 5 மணிக்குச் செவலை பின்னங்கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடினாள். காதுகளைத் தொட்டேன், சில்லென்றிருந்தன. அரை மணி நேரத்தில் படுத்து, கழுத்தை மடித்து முகத்தை விலாப்பக்கம் சாய்த்துக்கொண்டாள். எழுப்பினால் எழவில்லை. பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல் இருக்கிறது. உண்மையில் உடல் குளிர்ந்துபோகும். ஈன்ற கையோடு பாலில் பெருமளவு சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்குவதால், எலும்பிலிருந்து ஈடுசெய்வதற்குள் இரத்தத்தில் அது வற்றித் தசைகள் செயலிழக்கின்றன. மூன்றாம் ஈற்றிலிருந்து இந்த ஆபத்து கூடுகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நேற்று கன்று குடித்ததுபோக மடியில் இருந்த சீம்பாலை ஒட்டக் கறந்து சேமித்துவைத்தேன். ஏற்கெனவே வற்றிக்கொண்டிருந்த சத்தை நானும் சேர்ந்து இறைத்தது தவறு.

மருத்துவர் வரும்வரை அவள் பக்கவாட்டில் சரிந்துவிடாமல், மார்பு தரையில் படிய நிமிர்ந்து கிடக்கும்படி வைக்கோல் கட்டுகளை இருபுறமும் அண்டக் கொடுத்தோம். வாயில் எதையும் ஊற்றவில்லை. விழுங்கும் வலு இல்லாத மாட்டுக்கு ஊற்றியது நுரையீரலுக்குத்தான் போகும். மருத்துவர் கால்சியம் மருந்தைக் கழுத்து நரம்பில், இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே, மிக மெதுவாக ஏற்றினார். பாதிப் புட்டி இறங்கும்போது தோள் தசைகள் துடித்தன, ஏப்பம் வந்தது, சாணம் போட்டாள். மருந்து முடிந்து முக்கால் மணி நேரத்தில் தானே எழுந்து கன்றைத் தேடினாள். அம்மா அதுவரை கன்றை மடியில் அணைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 14

மீண்டும் விழவில்லை. சீம்பாலின் மஞ்சள் மறைந்து பால் வெளுத்துவிட்டது. கன்று இரவும் பகலும் தாயோடுதான் இருக்கிறது. வீட்டுக்கு என்று நான் கறப்பதில்லை. ஆனால் தினமும் இருமுறை நான்கு காம்புகளையும் கையால் பார்க்கிறேன். கன்றுக்குப் பிடித்த காம்பு வலது முன்காம்பு. இடது பின்காம்பை அது தொடுவதே இல்லை. மடியின் அந்தப் பகுதி மட்டும் கனத்துக் கிடப்பதால், அதை மட்டும் இளக்கம் காணும்வரை கறந்துவிடுகிறேன்.

பிப்ரவரி 23

கன்றுக்கு 14 நாள். உருளைப்புழுவின் இளம்புழுக்கள் தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு வந்துவிடக்கூடும் என்பதால், மருத்துவர் சொன்ன அளவில் குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று.

இன்றிரவு முதல் கன்றைத் தனியே அடைக்கிறேன். முழுதாகப் பிரிக்கப்போவதில்லை. இரவு 8 மணிக்குப் பக்கத்து அடைப்பில் விட்டு, காலை 6 மணிக்கு நான் கறந்தபின், பகல் முழுவதும் தாயோடு விட்டுவிடுவேன். ஒரு வேளைப் பால் வீட்டுக்கு, மற்றதெல்லாம் கன்றுக்கு. அடைப்பின் நடுவே பலகை இல்லை, கம்பிகள்தான். மூக்கோடு மூக்கு தொட்டுக்கொள்ளலாம்.

பிப்ரவரி 24

மடி நிறைந்து விம்மிக்கொண்டிருந்தது. கிடைத்ததோ ஒன்றரை லிட்டர். அதற்குமேல் காம்பைப் பிசைந்ததுதான் மிச்சம். "அவள் உன்னிடம் மறைக்கவில்லை, கன்றுக்கு எடுத்துவைத்திருக்கிறாள்" என்றார் அம்மா.

மார்ச் 2

ஒரு வாரமாகச் செவலை பாலை இறக்காமல் எக்கிக்கொள்வதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மடியில் இருக்கும் பாலில் பெரும்பகுதி, நுண்ணறைகளுக்குள் தேங்கி நிற்கிறது. கன்று முட்டும்போதும், காம்பை வருடும்போதும், கறவைச் செம்பின் ஓசையைக் கேட்கும்போதுமே மூளையிலிருந்து ஆக்சிடோசின் புறப்பட்டு, அந்த நுண்ணறைகளைச் சுருக்கிப் பாலைக் கீழே தள்ளுகிறது. சுரப்பு விட்டபின் கையில் இருப்பது ஐந்தாறு நிமிடங்களே. மாடு மிரண்டாலோ வலித்தாலோ அட்ரினலின் குறுக்கிட்டு வாசலை அடைத்துவிடுகிறது. ஆகவே எக்கிக்கொள்ளும் மாட்டை அடிப்பவர், வராத பாலை இன்னும் உள்ளே துரத்துகிறார்.

இழப்பு அளவில் மட்டும் இல்லை. முதலில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு. கடைசியில் ஒட்டக் கறக்கும்போது வருவதே செழும்பால். அவள் நிறுத்திக்கொள்வது அந்தக் கடைசிப் பாலைத்தான். அதனால்தான் எங்கள் பாத்திரத்தில் ஆடை படியவில்லை. ஏடெல்லாம் கன்றின் வயிற்றில் இருக்கிறது.

இப்போது செய்வது இது: கன்றை முதலில் அவிழ்த்து விடுகிறேன். நான்கு காம்பையும் மாற்றி மாற்றி முட்டிச் சப்பும். வாயோரம் நுரை தெரிந்ததும் பிடித்து, தாயின் முகத்துக்கு நேரே, அவள் நக்கும் தொலைவில் கட்டுகிறேன். மடியைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டு, மடிநோயைக் காட்டும் திரி (பால் கட்டி) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கறக்கிறேன். இன்று நான்கரை லிட்டர். கன்றைக் கண்ணுக்கு மறைவாகக் கட்டிய இரு நாள்களில் பாதிகூட வரவில்லை.

மார்ச் 12

இடது பின்காம்பில் திரி. அந்தப் பகுதி சூடாகவும் கல்லாகவும் இருக்கிறது. கன்று நான்கையும் குடிக்கப் பழகிவிட்டது என்று எண்ணி, சில நாள்களாக மாலையில் மடியைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். அது அந்தக் காம்பை ஏறக்குறைய கைவிட்டிருக்கிறது. கன்று குடிக்கிறது என்பதால் மடி காலியாகிறது என்று பொருளில்லை.

மருத்துவர் காம்புத் துளை வழியே மடிக்குள் செலுத்தும் மருந்து கொடுத்திருக்கிறார். காலையில் போட்டால் கன்று உறிஞ்சிவிடும். ஆகவே இரவு 8 மணிக்குக் கன்றைப் பிரித்தபின், அந்தப் பகுதியை முழுதும் பீச்சி வடித்துவிட்டுச் செலுத்துகிறேன். காலையில் அதைத் தனியே கறந்து கொட்டிவிட்டுத்தான் கன்றை விடுகிறேன். மருந்து ஒரு காம்பில் போட்டாலும் இரத்தத்தில் கலக்கும் என்பதால், மருந்துறையில் குறித்திருக்கும் விலக்கு நாள்கள் முடியும்வரை நான்கு காம்பின் பாலும் வீட்டுக்கு இல்லை.

மார்ச் 21

திரி நின்றுவிட்டது, மடி பழையபடி இளகியிருக்கிறது. கறந்து முடித்ததும் தீவனம் வைக்கும் வழக்கத்தை இனி ஒரு நாளும் விடமாட்டேன். காம்புத் துளை மூடிக்கொள்ள அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை தின்றுகொண்டு நின்றிருந்தால் திறந்த காம்பு தரையில் படாது.

ஏப்ரல் 19

மார்ச் 29ஆம் தேதி முதல்முறையாகப் பருவத்துக்கு வந்து கத்தினாள். ஊசி போடாமல் விட்டேன். சரியாக 21 நாள் கழித்து இன்று விடியற்காலையில் மீண்டும் பருவம். கண்ணாடிபோல் தெளிந்த வழும்பு, தீவனத்தில் நாட்டமின்மை, பாலும் குறைவு. காலையில் கண்டால் மாலையில் என்ற கணக்குப்படி மாலையில் ஊசி போட்டாயிற்று. ஊட்டும் கன்று உடனிருக்கும் பசு பருவத்துக்கு வரத் தாமதமாகலாம். 69ஆம் நாளில் ஊசிக்கு வந்தது நல்லதே.

மே 10

பருவம் திரும்பவில்லை. கன்றின் மார்புச் சுற்றளவை அளவுநாடாவால் பார்த்ததில் ஏறத்தாழ 78 கிலோ. பகலெல்லாம் தாய்க்குப் பக்கத்தில் நின்று அவள் கடிக்கும் புல்லையே கடிக்கிறது. உறிஞ்சிக் குடிக்கும் பால், முதல் இரைப்பையைத் தொடாமல் ஒரு மடிப்பு வழியாக நேரே நான்காம் இரைப்பைக்குப் போய்விடும். முதல் இரைப்பை வளர்வது புல்லாலும் தீவனத்தாலும் தண்ணீராலும்தான். தாயின் வாயைப் பார்த்துத் தின்னக் கற்கும் கன்று இதில் முந்திக்கொள்கிறது என்பது நான் கண்டது. மதியம் படுத்து அசைபோடும்போது இருவர் தாடையும் ஒரே போக்கில் அசைகின்றன.

ஜூன் 20

சினை உறுதியாயிற்று. ஜனவரி 24ஐ ஒட்டி ஈனும்.

செப்டம்பர் 14

கன்றுக்கு ஏழு மாதம் கடந்துவிட்டது. நன்றாகத் தின்கிறது, ஆனால் பாலை விடுவதாக இல்லை. தானே மறக்கட்டும் என்று விட்டுவிட எனக்கு ஆசைதான். ஆனால் செவலையின் முதுகெலும்பு சற்றுத் தெரியத் தொடங்கியிருக்கிறது, வயிற்றிலோ ஐந்து மாதக் கரு. மூக்கில் தொங்கும் மெல்லிய தட்டை மாட்டிவிட்டேன். மேயலாம், தண்ணீர் குடிக்கலாம், தாயோடு ஒட்டிப் படுக்கலாம். காம்பை மட்டும் வாய்க்குள் எடுக்க முடியாது. முட்கள் வைத்ததை நான் வாங்கவில்லை. அது தாயின் மடியைக் குத்தி, தாயே கன்றை உதைக்கும்படி செய்கிறது.

செப்டம்பர் 19

தட்டைக் கழற்றிவிட்டு, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக விட்டேன். கன்று அதிகம் கத்தவில்லை. செவலைதான் இரவு முழுவதும் அழைத்தாள்.

செப்டம்பர் 22

நேற்று மாலை குரல் நின்றது. இன்று காலையில் கன்றை முன்னால் கட்டாமல், வெறுமனே மடியைக் கழுவி, வெதுவெதுப்பான துணியால் ஒரு நிமிடம் நீவிக் காத்திருந்தேன். காம்புகள் மெல்ல விறைத்தன. எக்கவில்லை. கடைசிப் பீச்சுவரை கறந்தேன்: ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இரவில் மூடியைத் திறந்தபோது, பாலின்மேல் ஒரு விரல் தடிமனுக்கு ஏடு படிந்திருந்தது. பாத்திரத்தை அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "கன்று வேலியோரமா படுத்திருக்கா பார்" என்றார். படுத்திருந்தது. செவலையும் அதே இடத்தில், கம்பிக்கு இந்தப் பக்கம், அதன் முதுகோடு முதுகு ஒட்டியபடி அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 25ஆம் தேதியைக் குறித்துவைத்திருக்கிறேன். அன்று கறவையை நிறுத்த வேண்டும்.