பிளஸ் ஒன்: குரூப்பைக் கேட்கும் முன்னால் பள்ளியைக் கேளுங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றே வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: "பிள்ளைக்கு எந்த குரூப்பு?" மாமா ஒன்று சொல்வார், டியூஷன் டீச்சர் ஒன்று சொல்வார். குமரி மாவட்டத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. சேரப்போவது அரசுப் பள்ளியா, எய்டட் பள்ளியா?

நம் ஊரில் சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்துகிற எய்டட் பள்ளிகள் ஏராளம். ஆசிரியருக்கு அரசு சம்பளம், பிள்ளைக்கு இலவசப் புத்தகம். அதனால் அதையும் அரசுப் பள்ளி என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இல் வந்ததும், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். எய்டட் பள்ளி அதில் சேராது. பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, "அங்கே டிசிப்ளின் நல்லா இருக்கும்" என்று பிளஸ் ஒன்னுக்கு மட்டும் எய்டட் பள்ளிக்கு மாற்றினால், ஐந்து வருடம் சேர்த்துவைத்த தகுதி அந்த ஒரு டி.சி.யோடு போய்விடும். திரும்ப வாங்க வழியில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் கிடைக்கிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் மட்டும் எய்டட் பள்ளித் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கும் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மீடியம் மாற்றுவதிலும் இதே கவனம் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த வேலைக்குக் கேட்கிற தகுதி வரை ஒன்றாம் வகுப்பிலிருந்தே எல்லாம் தமிழ் வழியாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்கிற வேலைக்குப் பிளஸ் ஒன்னை இங்கிலீஷ் மீடியத்தில் படிப்பது தடையில்லை. பட்டப்படிப்பு கேட்கிற குரூப் 2 போன்ற தேர்வுக்கு அது தடை. அரசு வேலைதான் குறி என்றால் இங்கிலீஷ் மீடியத்துக்குத் தாவும் முன் இதைக் கணக்கில் எடுங்கள். நீட், பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்துக் குடும்பங்கள் சில கேரளத்தில் பிளஸ் ஒன் போடுவதைப் பற்றியும் யோசிக்கிறார்கள். அங்கே போனாலும் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம். ஆனால் எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குத் தேவைப்படாத இருப்பிடச் சான்றிதழை இவர்கள் காட்ட வேண்டும். 7.5 சதவீதம் இவர்களுக்கும் கிடையாது.

இனி குரூப்புக்கு வருவோம். மொழி, ஆங்கிலம் போக நான்கு பாடம், மொத்தம் 600 மதிப்பெண். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தால் டாக்டர், இன்ஜினியர் இரண்டு கதவும் திறந்திருக்கும் என்பது உண்மை. அதற்கான விலையையும் சொல்ல வேண்டும். உயிரியல் என்பது பேருக்குத்தான் ஒரு பாடம். உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகம், இரண்டு ஆசிரியர், ஒரே தேர்வில் 35 மதிப்பெண் வீதம் இரண்டு பகுதி. பி.எஸ்சி. நர்சிங் மட்டும்தான் ஆசை என்றால் கணிதம் தேவையே இல்லை. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப் போதும். பொறியியல் மட்டும் என்றால் உயிரியலை விட்டுக் கணினி அறிவியல் எடுக்கலாம். பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. நான்காவது பாடம் அந்தக் கணக்கில் வராது.

பிளஸ் ஒன்னில் பிள்ளைகள் முதலில் சறுக்குவது இயற்பியலில். காரணம் பிள்ளை மக்கு என்பதல்ல, பாடங்கள் அமைந்திருக்கும் வரிசை. இயற்பியலின் இரண்டாம் அலகான இயக்கவியலிலேயே வெக்டரும் வகையிடலும் (டிஃபரென்ஷியேஷன்) வந்துவிடும். கணிதப் புத்தகத்திலோ வெக்டர் இயற்கணிதம் எட்டாம் அத்தியாயம், எல்லை, வகையிடல் எல்லாம் அதற்கும் பிறகு, இரண்டாம் தொகுதியில். கணித ஆசிரியர் அங்கே வந்து சேர்வதற்குள் இயற்பியலில் பாதி ஓடியிருக்கும். கணிதமே இல்லாத குரூப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தரவும் ஆளில்லை. விடுமுறை முடியும் முன்னால் வெக்டர் கூட்டல், சைன்-கொசைன், எளிய வகையிடல் ஆகிய மூன்றையும் பத்து நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் முதல் காலாண்டு தப்பிக்கும்.

செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. அந்த 30 கையில் வந்துவிடும் என்று அலட்சியம் வேண்டாம். எழுத்தில் குறைந்தது 15 எடுத்தால்தான் தேர்ச்சி. பள்ளியில் சேரும் முன்னால் ஆய்வகத்தைக் கண்ணால் பாருங்கள். அதைவிட முக்கியம், வேதியியலுக்கும் கணிதத்துக்கும் நிரந்தர முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பது தப்பில்லை. பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு நேராகப் பிளஸ் டூ பாடம் நடத்துகிற பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. நீட்டும் ஜே.இ.இ.யும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. ஆகவே "பிளஸ் ஒன் பாடம் முழுசா நடத்துவீங்களா?" என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வணிகவியல் குரூப்பை மார்க் குறைந்தவர்களுக்கு என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். ஆடிட்டர் படிப்பின் முதல் தேர்வான சி.ஏ. ஃபவுண்டேஷனுக்கு எந்த குரூப்பும் போகலாம், ஆனால் கணக்குப்பதிவியல் படித்தவருக்கு அங்கே பாதி வழி பழகிய வழி. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்கு என ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதால், ஆரம்பத்தில் இரண்டு வாரம் லீவு போட்டால் வருடம் முழுக்கத் தட்டும். நான்காவது பாடமாக வணிகக் கணிதமும் புள்ளியியலும் கிடைக்கிற பள்ளியாக இருந்தால் அதையே எடுங்கள். இங்கே வருவது கணினிப் பயன்பாடுகள், கணித குரூப்பில் வருவது கணினி அறிவியல், தொழிற்கல்வியில் கணினித் தொழில்நுட்பம். பேர் ஒன்றுபோல் இருந்தாலும் புத்தகம் வேறு வேறு.

தொழிற்கல்வியில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். நாகர்கோவிலில் கோணம் பகுதியிலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. வரலாறு எடுக்கிறவர்களுக்கு ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குத் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி பக்கம்.

சேர்ந்த பிறகு பாடம் ஒத்துவரவில்லை என்றால் முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரிடம் பெற்றோர் கடிதம் கொடுங்கள். அந்த குரூப்பில் இடம் இருந்தால் மாற்றித் தருவார்கள். மாற்றியதும் வகுப்பு வருகைப் பதிவேட்டில் மட்டுமல்ல, கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவான எமிஸிலும் புதிய குரூப்பும் மீடியமும் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் அங்கிருந்துதான் எடுக்கப்படும்.