"பல்லி நித்திரை கொள்ளுமே, அப்பா?"

மகனுக்கு எட்டு வயது. ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத, துள்ளல் அடங்காத நிலை என்று கிளினிக்கில் சொல்லி ஒன்றரை வருடமாகிறது. பகல் பொழுதுக்குப் பள்ளிக்கூடத்தில் பொறுமையான ரீச்சர் ஒருவர் வாய்த்துவிட்டார். இரவு என் தலையில் விழுந்தது. மனைவி தாதி, கிழமையில் இரண்டு மூன்று நாள் இரவு டியூட்டி. அந்த நாட்களில் வீட்டில் நான், அவன், என் அம்மா.

எட்டரைக்கு லைற்றை அணைத்துவிடுவோம். இந்த வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேர நித்திரை வேண்டும், ஏழரைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும் என்று கணக்குப் பார்த்து வைத்த நேரம் அது. கணக்கில் பிழையில்லை. அவன்தான் பத்தரை, பதினொன்று வரை புரண்டுகொண்டிருப்பான். தண்ணி. ஒண்டுக்கு. வலைக்குள் நுளம்பு. "பல்லி நித்திரை கொள்ளுமே, அப்பா?" பத்து மணி தாண்டினால் நான் கத்துவேன், அவன் அழுவான், அம்மா எழும்பி வந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பேசுவா. "உன்னை நான் இப்பிடியே வளர்த்தனான்? சாமம் சாமமா முற்றத்தில கொண்டு திரிஞ்சனான்ரா." அம்மா சொன்னது எனக்குள் கொஞ்சம் தைத்தது. ஏடிஎச்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்று டொக்டரும் சொல்லியிருந்தார்.

கண்ணூறு கழித்தோம். நூல் கட்டினோம். தடிமனுக்குக் கொடுக்கும் பாணி மருந்தில் ஒரு மூடி கொடுத்தால் சுருண்டு படுப்பான் என்றார் ஒரு மாமி. நல்லகாலம், கொடுக்கமுன் கிளினிக்கில் கேட்டேன். சில பிள்ளைகளை அது தூங்க வைக்காமல் இன்னும் துள்ள வைக்கும், நித்திரைக்கென்று கொடுக்கவே கூடாது என்றார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் பாரமான போர்வை ஒன்றை அனுப்பினா. அங்கே அதற்குள் பிள்ளைகள் அமைதியாகப் படுக்குமாம். யாழ்ப்பாணத்து மே மாத வெக்கையில் நாலு கிலோ போர்வை! ஒரே உதையில் கட்டிலுக்குக் கீழே போனது. இப்போது அம்மா அதை மடித்து முதுகுக்கு வைத்துக்கொள்கிறா.

உண்மையில் உதவியது ஒரு சிஆர் கொப்பி. இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் எத்தனைக்கு மருந்து, எத்தனைக்குப் படுத்தான், எத்தனைக்கு உண்மையாகவே கண் அயர்ந்தான் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார் டொக்டர். எழுதிப் பார்த்தபோது இரண்டு விசயம் பிடிபட்டது. அவன் ஏடிஎச்டிக்கு எடுப்பது நாலு மணித்தியாலம் அளவில் வேலை செய்யும் மெதில்பெனிடேற் குளிசை; பிந்தி எடுத்தால் நித்திரையைத் தள்ளிப்போடும். மதியம் எடுக்க வேண்டிய இரண்டாவது குளிசை, டியூஷன் இருக்கும் செவ்வாயும் வியாழனும் நாலு மணிக்கு இழுபட்டிருந்தது. அந்த இரண்டு நாளும் நித்திரை பதினொன்றரை. டொக்டர் நேரத்தை மாற்றித் தந்தார். (நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள்.)

மற்ற விசயம்தான் பெரிது. டியூஷன் இல்லாத நாளிலும் பத்தேகாலுக்கு முன் அவன் ஒருநாளும் தூங்கியதில்லை. நித்திரையைக் கொண்டுவரும் மெலட்டோனின் இப்படியான பிள்ளைகள் பலருக்குப் பிந்தித்தான் சுரக்குமாம். அப்படியென்றால் எட்டரைக்கு நாங்கள் படுக்க வைத்தது நித்திரைக்கு அல்ல, சண்டைக்கு.

பத்தேகாலுக்கே படுக்க விடுங்கள், ஆனால் காலையில் ஆறேகாலுக்கு எழுப்புங்கள், ஞாயிறும் அப்படித்தான் என்றார்கள் கிளினிக்கில். படுத்து 20 நிமிடத்துக்குள் தூங்கப் பழகினால், சில நாளுக்கு ஒருக்கால் 15 நிமிடம் முன்னுக்கு இழுக்கலாம். மனைவிக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும் பயம்தான். முதல் கிழமை காலையில் அவனை எழுப்பிச் சப்பாத்துப் போட வைத்த பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் இரவில் கத்தல் இல்லை. மூன்றாம் நாளே தலையணையில் தலை பட்டதும் தூங்கினான். எட்டு வருடத்தில் அதை நான் பார்த்ததில்லை, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருந்தேன்.

அப்புறம் இந்த "போய்ப் படு" என்ற சொல். பல்லுத் தீட்டு, கால் கழுவு, உடுப்பு மாத்து, புத்தகப் பையை அடுக்கு, ஒண்டுக்குப் போ, வலையை இழுத்து விடு: ஆறு வேலை அதற்குள் இருக்கிறது. ஒருநாள் பல்லுத் தீட்டப் போனவனை 25 நிமிடமாகக் காணவில்லை. போய்ப் பார்த்தால் கிணத்தடியில் குந்திக்கொண்டு, வாயிலிருந்து பற்பசை நுரை நாடிவரை வழிய, வாளிக்குப் பின்னால் இருந்த தவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிரஷ் இன்னும் கையில். முந்தியென்றால் ஒன்று போட்டிருப்பேன். இப்போது ஆறு வேலைக்கும் ஆறு படம், அவனே கீறியது, கதவில் ஒட்டியிருக்கிறது. நான் படத்தைத் தொட்டுக் காட்டுவேன், அவ்வளவுதான். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

கட்டிலை விட்டு இறங்கி வருவதற்கு இரண்டு பஸ் ரிக்கெற். வலைக்குள் போகும்போது கொடுப்பேன். ஒருமுறை வெளியே வர ஒரு ரிக்கெற். நான் கொண்டக்ரர்மாதிரி ஓரத்தைக் கிழித்து வாங்கவேண்டும், அது அவன் போட்ட சட்டம். விடிய ஒன்று மிஞ்சியிருந்தால் மோட்டார் சைக்கிளில் பண்ணைப் பாலம் வரை சுற்றிப் பள்ளிக்கூடம் போவோம். முதல் இரவு ஒன்பது நிமிடத்தில் இரண்டும் முடிந்தது. போகப்போக மிச்சம் பிடிக்கத் தொடங்கினான். கையில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே வெளியே வராமல் படுத்துவிடுகிறான் போல.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் எல்லாம் குலைந்தது. ஐஸ்கிறீம், கடலை, சனம், இரவு வீடு வந்து சேரப் பத்து மணி. கொடியிறங்கிய பிறகு பத்தேகாலில் இருந்து திரும்பத் தொடங்கினோம். இரண்டாவது தடவை விரைவாக வந்தது. இப்போது பெரும்பாலும் ஒன்பதேகால்.

முந்தநாள் ஒன்பதரைக்கு, அவன் அரை நித்திரையில் இருக்கும்போது, பின் வளவில் பனம்பழம் ஒன்று தொப்பென்று விழுந்தது. நான் மூச்சுக் காட்டாமல் இருந்தேன். வலைக்குள்ளிருந்து கை ஒன்று ரிக்கெற்றை நீட்டியது.

"அப்பா, ஒருக்கால் ரோச் லைற் தாங்கோ."

ஓரத்தைக் கிழித்துவிட்டு ரோச்சைக் கொடுத்தேன். இரண்டு பேருமாகப் போய் எடுத்து வந்து விறாந்தையில் வைத்தோம். தூங்கப் பத்து மணியாகிவிட்டது. வீடு முழுக்கப் பனம்பழ வாசம்.