சோல்சியில் அகதா கிறிஸ்டியின் கல்லறை

லண்டன் பேடிங்டனிலிருந்து ரெடிங் வழியாக மேற்கே செல்லும் ரயில் பாதையில், ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சிற்றூர்களில் ஒன்று சோல்சி. துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டியைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் அவர் பிறந்த டார்க்கிக்கும் டெவனிலுள்ள கிரீன்வே மாளிகைக்குமே செல்கிறார்கள். பள்ளி நாள்களில் இரவெல்லாம் என்னைத் தூங்கவிடாமல் செய்த அந்த எழுத்தாளருக்கு அஞ்சலி செலுத்த, அவர் அடக்கம் செய்யப்பட்ட இந்த ஊருக்கே வர வேண்டும் என்று நான் நெடுநாளாக விரும்பியிருந்தேன்.

புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் உயரமான ஒரு கல் நிற்கிறது. அதில் அகதா மேரி கிளாரிசா மாலோவன் என்ற இல்லறப் பெயர் முதலிலும், உலகம் அறிந்த பெயர் அதன் பின்னும் பொறிக்கப்பட்டுள்ளன. உழைப்புக்குப் பின் உறக்கமும், புயற்கடலுக்குப் பின் துறைமுகமும் இனியவை என்று பாடும் ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சரின் வரிகளும் அங்கே உண்டு. தொல்லியலாளரான அவருடைய கணவர் மேக்ஸ் மாலோவனும் 1978இல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அடுத்த ஊரான வாலிங்ஃபோர்டில், 1934இல் அவர்கள் வாங்கிய வின்டர்புரூக் இல்லத்தை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. 1976 ஜனவரி 12 அன்று, தம் 85ஆம் வயதில், கிறிஸ்டி இங்கேதான் காலமானார்.

அந்த வீட்டின் முன் நின்றபோது அவர் விட்டுச்சென்ற இரண்டு நாவல்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தமக்கு எதுவும் நேர்ந்துவிடலாம் என்ற நிலையில், தாம் படைத்த துப்பறிவாளர்களில் பாய்ரோவின் கடைசி வழக்கை மகள் ரோசலிண்டுக்கும் மிஸ் மார்பிளின் கதை ஒன்றைக் கணவருக்கும் உரிமையாக்கி, எழுதிப் பூட்டி வைத்தார். 1973இல் வெளிவந்த, அவர் கடைசியாக எழுதிய நாவலில் கதைப்பின்னல் தளர்ந்து போயிருப்பதை எந்த ரசிகரும் வருத்தத்தோடு ஒப்புக்கொள்வார். ஆனால் 1975இல் பாய்ரோவின் அந்தக் கடைசி வழக்கான ‘கர்ட்டன்’ வெளியானபோது, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய அவருடைய முழு வலிமையும் அதில் இருந்தது. பாய்ரோவின் மறைவை நியூயார்க் டைம்ஸ் தன் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தியாகவே வெளியிட்டது. மிஸ் மார்பிளின் ‘ஸ்லீப்பிங் மர்டர்’ கிறிஸ்டி மறைந்த அதே 1976இல் வெளிவந்தது. அவரை இதுவரை படிக்காதவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த நாவலைத்தான்.