முப்பது மீட்டர் உத்திரமும் 25 மில்லிமீட்டர் குறையும்

வேலைக்காகப் பினாங்குத் தீவிலிருந்து எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறைக்குத் தினமும் முதல் பாலத்தைக் கடந்து போவேன். 1985-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில், கம்பிவடங்கள் தாங்கும் 225 மீட்டர் நடுக்கண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் வியப்பார்கள். கண் என்றால் பாலத்தின் இரு தாங்கிகளுக்கு இடைப்பட்ட பகுதி. எனக்கோ மீதித் தூரத்தையெல்லாம் சத்தமில்லாமல் சுமக்கும் கான்கிரீட் உத்திரங்கள்மீதுதான் மதிப்பு. அப்படிப்பட்ட உத்திரங்களை வைத்து ஒரு சின்ன ஆற்றுப் பாலம் கட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. நீளம் 90 மீட்டர், பணமோ கொஞ்சம்.

முதலில் 22.5 மீட்டரில் நான்கு கண்கள் போட்டேன். உத்திரம் சிறியது, விலையும் குறைவு என்று மகிழ்ந்தேன். அந்தக் கரையோரம் முழுக்கச் சேற்றுக் களிமண். கெட்டி நிலம் தேடிப் பைல்கள், அதாவது நிலத்துக்குள் இறக்கும் அடித்தளத் தூண்கள், வெகு ஆழம் இறங்க வேண்டும். ஆற்றுக்குள் ஒரு தூண் கூடினால் பைல், மிதவை, கிரேன் எல்லாம் கூடும். தூணையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது 30 மீட்டரில் மூன்று கண்களே மலிவாக வந்தது. உத்திரத்தின் விலையை மட்டும் பார்த்துப் பாலத்தின் விலையை முடிவு செய்வது பெரும் பிழை.

கண்ணுக்கு ஆறாக மொத்தம் 18 உத்திரங்கள். ஓர உத்திரத்தை மட்டும் மெலிதாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, மறுத்துவிட்டேன். பதினெட்டும் ஒரே வடிவம் என்றால் கான்கிரீட் வார்க்க இரண்டு இரும்பு அச்சுகள் போதும். ஒவ்வொன்றும் ஒன்பது முறை உழைக்கும். கான்கிரீட்டை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் முன்தகைவு முறைக்கு வழிவகுத்த பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரெய்சினே, போருக்குப் பின் பிரான்சின் மார்ன் ஆற்றில் 74 மீட்டர் கண் கொண்ட ஐந்து பாலங்களை ஒரே அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் கட்டினார். 2014-இல் திறந்த பினாங்கின் இரண்டாம் பாலத்திலும் 55 மீட்டர் கண்தான் கடல்மேல் திரும்பத் திரும்ப வருகிறது.

முன்தகைவு என்றதும் எனக்கு மாட்டுவண்டிச் சக்கரம்தான் நினைவுக்கு வரும். பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டா ஆறிச் சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கிறதல்லவா? இங்கே உத்திரத்துக்குள் குழாய் வழியே ஓடும் எஃகுப் புரிகளை, அதாவது முறுக்கிய கம்பிகளை, இழுத்துப் பூட்டிக் கான்கிரீட்டை இறுக்குகிறோம். லாரி ஏறும்போது அடிப்பக்கம் பிளக்கப் பார்க்கும். முன்பே இருக்கும் இறுக்கம் அதைத் தடுக்கும்.

முதல் உத்திரம் வார்த்த ஏழாம் நாள் கான்கிரீட் கனசதுரத்தை நசுக்கிப் பார்க்கும் சோதனையில் சதுர மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் வலிமை கிடைத்தது. இழுக்கத் தொடங்கினோம். 12 புரிகள் சேர்ந்தது ஒரு வடம், புரிக்கு 138 கிலோநியூட்டன் விசை. வடம் 203 மில்லிமீட்டர் நீள வேண்டும் என்பது என் கணக்கு. வடத்தை இழுக்கும் ஜாக் கருவியின் அழுத்தமானி முழு விசையைக் காட்டியது. அளவுகோல் 178-இல் நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் ஏற்றட்டுமா, சார்?" என்றார் ஜாக் பிடித்திருந்தவர்.

"வேண்டாம் அண்ணே, நிறுத்துங்கள். ஜாக்குக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம்."

நீளம் குறைந்தால் விசை வழியில் எங்கோ உராய்வில் தொலைகிறது என்று பொருள். அழுத்தத்தைக் கூட்டினால் புரி அறுந்துபோகலாம். அடுத்த உத்திரத்தின் கம்பிக்கூட்டைப் போய்ப் பார்த்தேன். வடம் ஓடும் குழாயைக் கம்பிக்கூட்டோடு ஒரு மீட்டருக்கு ஒரு இடத்தில் கட்டச் சொல்லியிருந்தேன்; சில இடங்களில் இரண்டு மீட்டர் இடைவெளி. குழாய் தொய்ந்து பாம்பாக நெளிந்திருந்தது. வரைபடத்தில் அந்த இடைவெளியைப் பெரிதாக எழுதியிருக்க வேண்டியவன் நான். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஜாக்கை மறுமுனைக்கு மாற்றி இழுத்தோம். மொத்த நீட்சி 196 வந்தது. அந்த அதிக உராய்வை வைத்தே விசை இழப்புகளை முழுதாக மறுபடி கணக்கிட்டேன். உத்திரத்துக்கு வேண்டிய விசை இருந்தது. மீதிப் பதினேழுக்கும் குழாய் கட்டிய ஒவ்வொரு இடத்தையும் நானே எண்ணிய பிறகுதான் கான்கிரீட் விட அனுமதித்தேன். பிறகு வந்த எல்லா வடங்களின் நீட்சியும் கணக்கிலிருந்து ஐந்து விழுக்காட்டு வித்தியாசத்துக்குள் அடங்கியது.

குழாய்க்குள் சிமெண்ட் கூழ் செலுத்துவதை வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்கே வைத்துக்கொண்டோம். காற்று தங்கினால் அங்கே எஃகு துருப்பிடிக்கும். மறுமுனைத் துளையில் முதலில் தண்ணீராக வந்தது, பிறகு நுரைத்து வந்தது. உள்ளே போன கூழின் அதே கெட்டியோடு வெளியே வழிந்த பிறகே துளையை அடைக்கச் சொன்னேன்.