மிடியில் தோடி காந்தாரம்: ஒருவழியாக அசைந்தது

தோடி ராகத்தின் காந்தாரத்தைக் கணினியில் மிடி (இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை) வழியாக அசைய வைக்கும் வேலை ஒருவழியாகக் கைகூடிவிட்டது. வயலினை மைக்கில் ஆடியோவாகப் பதிவு செய்திருந்தால், நொடிக்கு 44,100 மாதிரிகளில் கமகமும், அதாவது சுரத்தின் அசைவும், ஒலியோடு ஒலியாகப் பதிந்திருக்கும். மிடிக் கோப்பில் ஒலியே கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு விசையாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் எங்கே நிற்கிறது என்ற எண்கள் மட்டுமே இருக்கின்றன. அவற்றைப் படித்து ஒலியை உண்டாக்குவது பிளக்இன் என்னும் கருவி மென்பொருளின் வேலை.

சட்ஜமத்தை மிடிக் கட்டை எண் 60இல் வைத்தால் காந்தாரம் 63, மத்தியமம் 65. காந்தாரத்தை அழுத்திக்கொண்டு சக்கரத்தை மேலே தள்ளினால் அது மத்தியமத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். சக்கரத்தின் மதிப்பு 0 முதல் 16383 வரை ஓடும், நடுப்புள்ளி 8192. ஆனால் உச்ச மதிப்பு எத்தனை அரைச்சுரம் என்பதைத் தீர்மானிப்பது பிளக்இன்தான். பெரும்பாலானவற்றில் இரண்டு என்று இருக்கும் என்பதால் முதல் வயலின் பிளக்இன்னில் மத்தியமம் சரியாக விழுந்தது. பன்னிரண்டு என்று வைத்திருந்த இன்னொரு வயலினுக்கு மாற்றியதும், அதே கோப்பு மேல்ஸ்தாயி காந்தாரம் வரை தாவி ஆம்புலன்ஸ் சைரன் போல ஊளையிட்டது.

இந்தப் பெண்ட் வீச்சைக் கோப்பிலேயே சொல்லிவிட வழி உண்டு. மிடியின் கண்ட்ரோல் எண்கள் 101க்கும் 100க்கும் 0 அனுப்பி, பிறகு 6க்கு 12 அனுப்ப வேண்டும். சில பிளக்இன்கள் இதற்குக் கட்டுப்படுகின்றன. மற்றவற்றில் அமைப்பைத் திறந்து கையால் மாற்ற வேண்டியிருக்கிறது. சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்) போவதற்கு இடம் வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் பன்னிரண்டிலேயே நிறுத்திவிட்டேன். மத்தியமத்தைத் தொட இப்போது சக்கர மதிப்பு 9557 போதும்.

அதன் பிறகும் வளைவின் வடிவம் பிடிபடவில்லை. மென்பொருள் வரைந்து தரும் சீரான அலை, கமகமாக இல்லாமல் மெல்லிசை வயலினின் நடுக்கமாகவே கேட்டது. கடைசியில் அதே சுரக்கோவையைப் பாடி ஆடியோவாகப் பதிவு செய்து, அதன் சுருதிக் கோட்டைப் பார்த்துப் பார்த்து மிடி வளைவைக் கையால் வரைந்தேன். ஓர் அசைவு மத்தியமத்தில் சற்றே தங்குகிறது, அடுத்தது தொட்டும் தொடாமலும் இறங்குகிறது. இந்த ஒழுங்கின்மையை வரைந்த பிறகுதான் தோடி வந்தது.

தம்பூராவை வயலினுடன் ஒரே மிடி சேனலில் வைக்கவே கூடாது. பெண்ட் செய்தி சேனல் முழுவதற்கும் பொதுவானது என்பதால் காந்தாரத்தோடு சேர்ந்து சுருதியும் ஆடும். 1983இல் வந்த மிடி முறை விசைப்பலகைக்காரர்களை மனத்தில் வைத்து உருவானது என்பது இந்த இடத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தரும் எம்பிஇ என்னும் மிடி விரிவாக்கம் 2018இல் ஏற்கப்பட்டுவிட்டது. அதற்கேற்ற விசைப்பலகைகளின் விலையைப் பார்த்துவிட்டு, இருக்கிற 25 கட்டைகளே போதும் என்று இருக்கிறேன். விசைப்பலகையைக் கணினியோடு இணைக்க மலிவான ஐந்து முள்–யுஎஸ்பி மிடி கேபிள் வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே சக்கரத்தை வேகமாகச் சுழற்றிப் பார்த்து வாங்குவது நல்லது. என்னிடமுள்ள ஒன்றில் நெருக்கமான பெண்ட் செய்திகள் விடுபட்டுப் போகின்றன.

பாட்டின் சரணம் இன்னும் பாக்கி இருக்கும்போதே மனம் மிருதங்கத்துக்குப் போய்விட்டது. அதை மைக்கில்தான் பதிவு செய்யப்போகிறேன். காலப்பிரமாணத்தைப் பிறகு கூட்டினால் மிடி தானாக நகர்ந்துகொள்ளும். மிருதங்க ஆடியோவை இழுத்தோ சுருக்கியோதான் பொருத்த வேண்டும், அதில் தொப்பியின் (இடது முகத்தின்) கும்கி நாதம் நசுங்கிப் போகும். ஆகவே வேகத்தை முதலில் முடிவு செய்து, வயலினை ஆடியோவாக மாற்றி வைத்துக்கொண்டு, அதன் பிறகே மிருதங்க நண்பரை அழைக்க வேண்டும்.