இரும்புப் பெட்டிக்கு ஏற்ற வீடு

கிராம வங்கியில் கிளை திறப்பு என்பது இரும்புப் பெட்டியின் எடையைத் தாங்கும் தரையைத் தேடுவதில் தொடங்குகிறது என்பதைப் பணியில் சேர்ந்த பிறகே அறிந்தேன். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் ஆதரவில் 1977இல் தோன்றிய பாண்டியன் கிராம வங்கி, விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மாவட்டங்களில் கிளை பரப்பி வந்த காலம் அது. மூலதனம் மத்திய அரசு 50, ஆதரவு வங்கி 35, மாநில அரசு 15 விழுக்காடு என்று பிரிந்திருந்தாலும், ஊர்க்காரர்களுக்கு அது ‘நம்ம பேங்க்’தான்.

இராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், சுவர் உறுதியாகவும் ஜன்னல்களுக்குக் கம்பியோடும் இருந்தது ஒரே ஒரு வீடு. நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த அதன் உள்ளறையைக் காலி செய்து, தரைக்குக் கான்கிரீட் போட்டு, பெட்டியை உருளைக் கட்டைகள் மேல் ஏற்றித் தெருக்காரர்கள் கைகொடுக்க உள்ளே நகர்த்தினோம். அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று மேலாளரிடம், மற்றது காசாளரிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது என்பதால், விடுப்பு எடுப்பவர் சாவியை ஒப்படைத்துப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே ஊருக்குக் கிளம்பலாம்.

ஐப்பசி மழை இறங்கினால் பெட்டி நிறையத் தொடங்கும். மிளகாய்ச் சாகுபடிச் செலவுக்காகக் கொண்டு வரும் நகையை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி, எடை போட்டு, பையில் கட்டி, கடன் எண் எழுதிய சீட்டை இணைப்பார். மாசி, பங்குனியில் வற்றல் விலையானதும் நகைகள் வீடு திரும்பும். ஒரு கிளை வேரூன்றியதா என்பதை அறிய, வைப்புத்தொகையைக் காட்டிலும் இந்தப் போக்குவரத்தையே நான் நம்பினேன். முதல் ஆண்டு நகையை மீட்ட மூதாட்டி ஒருவர், சங்கிலியில் கோத்திருந்த குண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி முடித்த பிறகே கைநாட்டு வைத்தார். மறு ஆண்டு எண்ணாமலே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றைய மனநிறைவு இன்றும் என்னிடம் இருக்கிறது.

வள்ளலார், அதியமான் கிராம வங்கிகள் இணைந்து 2006இல் உருவான பல்லவன் கிராம வங்கியோடு, 2019 ஏப்ரல் 1 அன்று எங்கள் வங்கியும் ஒன்றாகித் தமிழ்நாடு கிராம வங்கி ஆயிற்று. ஆதரவு வங்கி இந்தியன் வங்கி, தலைமையிடம் சேலம் என்ற விவரங்களை நாங்கள் விளக்க, வரிசையில் நின்றவர்கள் கேட்டது ஒன்றைத்தான்: “எங்க நகையும் சேலத்துக்குப் போயிருமா?” நகை இதே பெட்டியில்தான் இருக்கும், சாவிகளும் இந்த ஊரைவிட்டுப் போகாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னோம்.